தூசி திரண்ட வரலாறு

கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் பேருந்துக்காக நிற்கும் மாலைகளில், உருக்காலைப் பக்கமிருந்து வீசும் காற்று சட்டையில் மெல்லிய கரும்படிவை விட்டுச் செல்லும். அப்படியொரு மாலையில் உடன் நின்ற மாணவனிடம், இந்தப் பூமியே தூசியிலிருந்து திரண்டதுதான் என்றேன். "அதைத் தெரிந்துகொண்டு என்ன பயன், ஐயா?" என்றான். மறுநாள் அவனுக்கு ஓர் ஆலையில் நேர்காணல். அவன் கேள்வியில் நியாயம் இருந்தது. நான் சொல்லாமல் விட்ட விடை இது.

இளம் விண்மீனைச் சுற்றி வாயுவும் தூசியும் கலந்த வட்டு சுழல்கிறது. நிறையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே தூசி. வாயு தன் அழுத்தத்தால் சற்று மெதுவாகச் சுற்றுவதால், தூசித் திரளுக்கு அது எப்போதும் எதிர்காற்று. வேகமிழந்த திரள் விண்மீனை நோக்கிச் சரியும். பூமியின் தொலைவில் ஒரு மீட்டர் பாறை நூறாண்டுக் கணக்கிலேயே உள்ளே விழுந்துவிடும் என 1977இல் வைடன்ஷில்லிங் கணக்கிட்டார். பிறகு கோள்கள் எப்படித் தப்பின?

இங்கேதான் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் நினைவுக்கு வருகிறார். வாயுவட்டின் சுழிகளில் கோள்கள் பிறந்தன என்ற வைசேக்கரின் 1944ஆம் ஆண்டுக் கருத்தை, 1946இல் அவர் ஆங்கிலத்தில் விரித்தெழுதினார். 1960இல் வேறொரு கணக்கில் இறங்கினார். இரண்டு உருளைகளுக்கிடையே சுழலும் மின்கடத்தும் திரவத்தை, வலுக்குறைந்த காந்தப்புலம்கூட நிலைகுலைக்கும் என்று நிறுவினார். ரஷ்யரான வெலிகோவ் 1959இலேயே அதைக் கண்டிருந்தார். விண்வெளி வட்டுகளுக்கும் இது பொருந்தும் என்று பால்பஸ், ஹாலி இருவரும் காட்டியது 1991இல்தான்.

இளம் வட்டில் இந்தக் கொந்தளிப்பு எங்கும் ஒரே சீராக இல்லை. மின்கடத்தாத உட்பகுதிகளில் அடங்கிவிடுகிறது. கொந்தளிப்பும் அமைதியும் சந்திக்கும் எல்லையில் வாயுவின் அழுத்தம் மேடிடும் என்றும், சரிந்துவரும் தூசி அங்கே தேங்கும் என்றும் கணிப்புகள் கூறுகின்றன. தூசி நெருங்கிக் கூடினால் வாயுவையும் தன்னோடு இழுத்து எதிர்காற்றைத் தணித்துக்கொள்ளும் என்பது 2005இல் யூடின், குட்மன் கண்டது. தடுத்த வாயுவே தாங்கவும் செய்கிறது. 2014இல் சிலி நாட்டு ஆல்மா தொலைநோக்கி எச்.எல். டாரி என்ற இளம் விண்மீனைப் படமெடுத்தபோது, அதன் தூசி வட்டம் வட்டமாகத் தேங்கி நின்றது.

1960இல் அந்தக் கணக்கைக் கோள்களுக்காக யாரும் போடவில்லை. அது தன் பயனைச் சேர முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மாணவனுக்கோ மறுநாளே வேலை வேண்டும். இரண்டும் உண்மைதான். நேர்காணல் முடிந்து அவன் வந்ததும் இதைச் சொல்ல வேண்டும்.