படுவான்கரையும் நாவல் வெளியீடும்: கரடியனாற்றை முன்வைத்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும், கடலை அடுத்த கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். செங்கலடியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள கரடியனாறு படுவான்கரைக் கிராமங்களுள் ஒன்று. வயலும் காடும் சூழ்ந்த இத்தகைய ஊரொன்றின் வாழ்வு நாவலாக எழுதப்பட்டு நூலாக வெளிவருவதற்கு எவை வேண்டப்படுகின்றன என்ற வினாவை, ஈழத்து நாவல் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே எமது நோக்கமாகும். நாவலாக்கத்தை எழுத்தாளனின் தனித்திறனாக மட்டுமே கருதும் வழக்கம் எம்மிடையே உண்டு. ஆயின் அச்சகம், தாள், விலை கொடுத்து வாங்கும் வாசகன் ஆகிய மூன்றும் அத்திறனுக்கு நிகராக நின்று அவ்வரலாற்றை நிர்ணயித்துள்ளன என்பது எமது கருத்து.

ஈழத்தின் முதல் நாவலாகக் கொள்ளப்படும் ‘அசன்பேயுடைய கதை’ 1885இல் வெளிவந்தது. அதன் ஆசிரியரான சித்திலெப்பை 1882 முதல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் இதழை நடத்தியவர். அச்சுத்தொழிலோடு அவருக்கிருந்த இத்தொடர்பு மனங்கொள்ளத்தக்கது. அடுத்து வந்த ‘ஊசோன் பாலந்தை கதை’ (1891), ‘மோகனாங்கி’ (1895) ஆகிய இரண்டும் திருகோணமலையைச் சேர்ந்தோரால் இயற்றப்பட்டவை. எனவே, தொடக்க காலத்தில் நாவல் எழுதும் முயற்சி கிழக்கிற்கு அந்நியமானதன்று. எனினும் ‘மோகனாங்கி’யை இயற்றிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை அதனைச் சென்னையிலேயே வெளியிட்டார். எழுதியவர் கிழக்கைச் சேர்ந்தவர். அச்சு வாகனம் ஏறியது அக்கரையில். இந்த இடைவெளி பின்வந்த காலத்தும் தொடர்ந்தது.

இதனை ஓரளவு குறைத்த முயற்சியாக வீரகேசரிப் பிரசுரங்களைக் குறிப்பிடலாம். 1970களின் தொடக்கத்தில் இந்திய வணிக இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அக்காலத்திலேயே வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை மலிவுப் பதிப்புகளாக வெளியிட்டது. நாளிதழின் விநியோக வலையமைப்பு நூல்களையும் ஊர்தோறும் கொண்டு சென்றது. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் இவ்வாறே வெளிவந்தது. வன்னியின் தண்ணிமுறிப்பு என்னும் காடுசூழ் குளத்தூர் அதன் களமாகும். நிலத்தோற்றத்தாலும் தொழிலாலும் தண்ணிமுறிப்புக்கும் கரடியனாற்றுக்கும் பெரிய வேறுபாடில்லை. வெளியீட்டுக்கு ஒரு நிறுவனம் இருந்தபோது காட்டோரக் கிராமமொன்று நாடறிந்த நாவலின் களமாயிற்று என்பதே ஈண்டு நாம் கருதவேண்டியது. இப்பிரசுர முயற்சி 1980களின் முற்பகுதியோடு ஓய்ந்தது.

நிறுவனம் இல்லாதவிடத்து எழுத்தாளனே பதிப்பாளனாகின்றான். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சிட்ட காலத்தில், சிறிய அச்சகமொன்றில் ஒரு நூலுக்குப் போதிய எழுத்துகள் ஒருசேர இருப்பதில்லை. சில பக்கங்களைக் கோத்து, ஒப்புநோக்கி, அச்சிட்டபின் அவ்வெழுத்துகளைக் கலைத்தே அடுத்த பக்கங்களைக் கோக்கவேண்டும். பக்கம் கூடுந்தோறும் கூலியும் தாட்செலவும் கூடின. ஆதலின் சிறுகதைத் தொகுதியோ கவிதை நூலோ ஏற்கத்தக்க சுமையாக இருக்க, நாவல் பெருஞ்சுமையாயிற்று. வெளியீட்டு விழாவில் முதற்பிரதியையும் சிறப்புப் பிரதிகளையும் வழங்கி, அன்பர் தரும் பணத்தால் அச்சுக்கடனை அடைக்கும் ஈழத்து வழக்கம் இச்சூழலுக்கு நன்கு பொருந்துவது. கணினி அச்சு வந்தபின் கோத்தற் சிரமம் நீங்கியது. விற்பனைச் சிரமம் நீங்கவில்லை.

இந்நிலையைப் படுவான்கரை மக்கள் நெடுங்காலமாகப் போற்றிவரும் கூத்து மரபோடு ஒப்பிடுதல் பயன் தரும். வடமோடியாயினும் தென்மோடியாயினும், கூத்தின் பிரதி அண்ணாவியாரிடம் ஏடாகவோ கொப்பியாகவோ இருக்கும். சட்டங்கொடுத்தல் முதல் அரங்கேற்றம் வரை அதன் செலவை ஊரே பகிர்ந்து ஏற்கும். களரியைச் சூழ்ந்திருந்து பார்ப்பதும் அவ்வூரே. வெளியீட்டாளரும் சுவைஞரும் ஒருவரேயாகும் இவ்வமைப்பில் கதை பெட்டியில் உறங்குவதில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தபோது நகரத்தார் வியந்தது இம்மரபின் வலிமையைக் கண்டேயாம். எனவே, படுவான்கரையிற் கதைக்கோ கதைசொல்லிக்கோ குறைவிருந்ததில்லை. கூத்துக்கு ஊர் செய்ததை நாவலுக்குச் செய்வார் இல்லை என்பதே குறை.

மொழி பற்றிய சிக்கலும் உண்டு. சூடுபோடும் களவெட்டியில் நெல்லை நெல்லென்னாது ‘பொலி’ என்பர். ‘மறுகா’ என்ற சொல்லின்றி இப்பகுதியார் ஒரு நிகழ்ச்சியை விவரித்தல் அரிது. போடியார், முல்லைக்காரன் என்னும் பெயர்கள் ஒரு நிலவுடைமை ஒழுங்கையே உள்ளடக்கியவை. தொலைவிலுள்ள வாசகனுக்காக இவற்றை நீக்கின் வாழ்வு வெளிறும். நிறுத்தின் சொல்விளக்கம் வேண்டப்படும். விமல் குழந்தைவேலின் ‘வெள்ளாவி’ (2004) மட்டக்களப்புப் பேச்சுமொழியைத் துணிந்து கையாண்டு, வட்டார வழக்கு நாவல் முழுவதையும் தாங்கவல்லது என்பதைக் காட்டியது. அவர் புலம்பெயர்ந்து வாழும் எழுத்தாளர் என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது.

காலம் எவருக்காகவும் காத்திராது. 2007இல் நிகழ்ந்த போரின்போது படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். 2010 செப்டெம்பர் 17ஆம் நாள் வீதி அமைப்புப் பணிக்காகக் கரடியனாற்றுப் பொலிஸ் நிலையத்தில் வைக்கப்பட்டிருந்த வெடிபொருள்கள் வெடித்துப் பலர் மாண்டனர். செய்தித்தாள் இவற்றை ஓரிரு நாளிற் சொல்லி முடித்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் அம்மக்கள் எவ்வாறு விதைத்தனர், எதனை அஞ்சினர், யாரை இழந்தனர் என்பதைச் சொல்லும் இடம் நாவலுக்கே பெரிதும் உண்டு. அந்நினைவுகளைச் சுமக்கும் தலைமுறை முதுமை எய்தி வருகின்றது.

செங்கலடியை அடுத்த வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் உள்ளது. அங்கிருந்து கரடியனாறு தொலைவில் இல்லை. கையெழுத்துப் பிரதிகளைக் கேட்டுப் பெற்று, செப்பனிட உதவி, முன்பதிவுப் பணத்தால் ஆண்டுக்கொரு நாவலையேனும் அச்சேற்றும் பணியைத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளலாம். கூத்துக்கு ஊர் கூடியது போல நூலுக்கும் ஊர் கூடுமாயின், படுவான்கரை தன் கதையைத் தானே சொல்லும்.