ஒரே சாவி, பல கதவுகள்: ஒற்றை உள்நுழைவு வளர்ந்த வரலாறு



செம்பனைத் தோட்டமாக நெடுங்காலம் அறியப்பட்ட நம் செடெனாக்கில் இன்று தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. கோப்புகளைச் சேமிப்பதும் அனுப்புவதும் எளிதாகிவிட்டன. ஆயினும், "கதவைத் தட்டுபவர் யார்?" என்ற வினா மட்டும் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்கின்றது. தேர்வுத் தாள்களையும் மாணவர் விவரங்களையும் காக்கப் பள்ளிக்கெனச் சொந்தமாக ஒரு கோப்பு வழங்கியை அமைக்க எண்ணுவோர், இவ்வினாவின் வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

1961ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறையைச் செய்து காட்டினர். அவரவர் கோப்பை அவரவரே காண வேண்டும் என்பதற்காக அம்முறையில் கடவுச்சொல் புகுந்தது. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால், எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பூட்டு பிறந்த சூட்டோடு களவும் பிறந்துவிட்டது!

கோப்புப் பரிமாற்றத்தின் வரலாற்றில் இந்தியர் ஒருவருக்குச் சிறப்பிடம் உண்டு. அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் அணியில் பயின்ற அபய் பூஷண், 1971 ஏப்ரல் 16ஆம் நாள் கோப்புப் பரிமாற்ற நெறிமுறையை எழுதி வெளியிட்டார். அது 1985இல் செம்மைப்படுத்தப்பட்டது. அவ்வடிவத்திலும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மறையாக்கம் இன்றியே வலையில் பயணம் செய்தன. வழியில் ஒட்டுக்கேட்பவருக்கு அவை திறந்த புத்தகம். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் இவ்வாறு களவாடப்பட்டன. அதன் பின்னரே தாத்து யுலேனன் எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான வழியை உருவாக்கினார். இன்று பரவலாகப் பயன்படும் எஸ்.எஃப்.டி.பி. கோப்புப் பரிமாற்றம் அவ்வழியின் மீதே நிற்கின்றது.

வழி காக்கப்பட்டாலும் வேறொரு சிக்கல் எஞ்சியது. பத்து வழங்கிகள் இருந்தால் பத்துக் கடவுச்சொற்கள். அவற்றை நினைவிற்கொள்ள இயலாதவர் எல்லாவற்றிற்கும் ஒன்றையே வைப்பார், அல்லது தாளில் எழுதி மேசையில் ஒட்டுவார். இதற்கான விடை முன்னரே முளைவிட்டிருந்தது. 1978இல் ரோஜர் நீதம், மைக்கேல் ஷ்ரோடர் இருவரும் வகுத்த நெறியைத் தழுவி, மாசாசூசெட்ஸ் கழகத்தில் 1983இல் தொடங்கிய ஏதீனா திட்டத்தில் கெர்பரோஸ் உருவானது. கிரேக்கப் புராணத்தில் பாதாள உலக வாயிலைக் காக்கும் பல தலை நாயின் பெயர் அது. பயனர் தம்மை ஒரேயொரு நடுவரிடம் மெய்ப்பிப்பார். நடுவர் காலவரையறை உடைய சீட்டு வழங்குவார். மற்ற வழங்கிகள் சீட்டை மட்டுமே பார்க்கும். கடவுச்சொல் எந்த வழங்கியின் கைக்கும் செல்வதில்லை. ஒற்றை உள்நுழைவின் உயிர்க்கருத்து இதுவே.

ஒரு வளாகத்துக்குள் சிறந்த அம்முறை, பல நிறுவனங்கள் கலந்துறவாடும் இணையத்திற்குப் போதவில்லை. ஆகவே 2005 மார்ச்சில் சாமல் 2.0, 2014 பிப்ரவரியில் ஓப்பன்ஐடி கனெக்ட் ஆகிய பொதுநெறிகள் வந்தன. பெயர்கள் புதியன, நடுவரும் சீட்டும் பழையனவே.

நம் நாட்டுப் பள்ளிகளும் இவ்வரலாற்றில் இடம்பெற்றுள்ளன. 1பெஸ்தாரிநெட் திட்டத்தின்கீழ் வந்த ஃபுரோக் கற்றல் தளத்திற்குப் பதிலாக, 2019 ஜூலையில் கூகுள் வகுப்பறை வந்தது. 2020 ஜூன் 15ஆம் நாள் கல்வியமைச்சின் டெலிமா தளம் தொடக்கம் கண்டது. ஒரே அடையாளத்தைக் கொண்டு கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் சேவைகளை அடையும் வாய்ப்பு தமிழ்ப்பள்ளி மாணவருக்கும் அதனால் கிட்டியது.

சொந்த வழங்கி அமைப்போருக்கு இவ்வரலாறு தரும் பாடங்கள் சில. கீகிளோக் போன்ற திறமூல மென்பொருளை நடுவராக நிறுவலாம். கோப்பு வழங்கியை அதில் பதிந்து, திரும்பி வரவேண்டிய முகவரியை எழுத்துப் பிசகாமல் தருதல் வேண்டும். சீட்டுக்குக் காலவரையறை இருப்பதால் இரு கணினிகளின் கடிகாரங்களும் ஒத்திருத்தல் வேண்டும். எந்த ஆசிரியருக்கு எந்தக் கோப்புறை என்பதைக் குழுக்களாக வகுத்துவிட்டால் பின்னர்க் குழப்பம் இராது. நடுவர் பழுதுபட்டால் உள்ளே செல்ல, நிருவாகிக்கென ஒரு தனிக் கணக்கைப் பத்திரமாக வைத்திருத்தல் அவசியம்.

ஒன்றை மறத்தலாகாது. ஒற்றை உள்நுழைவு பொதுவாக உலாவி வழியே நடைபெறுவது. எஸ்.எஃப்.டி.பி. வழியில் நுழைவோர் பெரும்பாலும் தனிச் சாவிக்கோப்பையே பயன்படுத்துவர். ஆகவே, மாற்றலாகிச் செல்லும் ஆசிரியரின் கணக்கை நடுவரிடம் மூடுவது மட்டும் போதாது. வழங்கியில் எஞ்சியுள்ள அவருடைய சாவியையும் நீக்க வேண்டும். இல்லையேல் முன்வாசலைப் பூட்டிக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதையாகும்.

ஒரே சாவி பல கதவுகளைத் திறக்கும் என்றால், அச்சாவி தொலைந்தாலும் பல கதவுகள் திறக்கும். எனவே அந்த ஒரு கணக்கிற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு இன்றியமையாதது. கோப்புகளில் இருப்பவை நம் பிள்ளைகளின் பெயர்கள், அடையாள எண்கள், மதிப்பெண்கள். அவற்றைக் காப்பது கணினி அறிந்தவரின் வேலை என்று ஒதுங்காமல், "இந்தச் சாவி இன்று யார் யாரிடம் உள்ளது?" என்று ஒவ்வோர் ஆண்டும் ஆசிரியரும் பெற்றோரும் கூடிக் கேட்பது நம் கடமையாகும்.