பேச்சிழப்பும் பல்கலைக்கழகப் பேச்சு சிகிச்சையும்

அஃபேசியா எனப்படும் பேச்சிழப்பு, மூளையின் மொழிப் பகுதிகள் பாதிக்கப்படுவதால் பேசுவதும் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதும் படிப்பதும் எழுதுவதும் குன்றும் நிலை. பெரும்பாலும் பக்கவாதத்தால் வருகிறது. தலைக்காயம், மூளைக்கட்டி ஆகியவற்றாலும் வரலாம். பேச்சு போனதால் அறிவும் போய்விட்டது என்று சுற்றியிருப்பவர்கள் எண்ணிவிடுவது உண்டு. அது தவறு.

தொடக்கம்

1861-ல் பாரிஸில் பால் புரோக்கா ஒரு நோயாளியைப் பரிசோதித்தார். எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து 'டான்' என்ற ஓசையே வந்தது. பிறர் சொன்னது அவருக்குப் புரிந்தது. அவர் இறந்தபின் மூளையின் இடது முன்பகுதியில் சிதைவு காணப்பட்டது. 1874-ல் கார்ல் வெர்னிக்கே மற்றொரு வகையை விளக்கினார். அவ்வகையினர் சரளமாகப் பேசுவர்; பேச்சில் பொருள் இராது, பிறர் பேச்சும் சரிவரப் புரியாது. இரு உலகப்போர்களில் தலையில் காயமுற்ற படைவீரர்களுக்குச் சிகிச்சை அளித்தபோது முறையான பேச்சுப் பயிற்சி வளர்ந்தது.

இந்தியாவில்

மைசூரில் 1965-ல் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் தொடங்கப்பட்டது. மைசூர் பல்கலைக்கழகத்துடன் இணைந்த அதன் படிப்புகளில், மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் நோயாளிகளுக்குப் பயிற்சி அளித்தே தொழில் கற்கின்றனர். சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் பேச்சு, கேட்டல் துறையில் பட்டப்படிப்பு நடத்துகிறது.

மொழிச் சிக்கல்

பேச்சிழப்புச் சோதனைகள் பல முதலில் ஆங்கிலத்துக்காக உருவானவை. அவற்றை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. தமிழில் வேற்றுமை உருபும் வினைமுற்று விகுதியும் சிதைகின்றனவா என்று பார்க்க வேண்டும். எழுத்துத் தமிழில் கேட்ட கேள்விக்குத் தடுமாறுபவர் பேச்சுத் தமிழில் பதில் சொல்லக்கூடும். பலமொழிச் சூழலில் பேச்சிழப்பு பற்றிச் சென்னை நரம்பியல் மருத்துவர் பிரித்திகா சாரியின் ஆய்வு 1986-ல் வெளிவந்தது. இரு மொழி அறிந்தவருக்கு எது முதலில் மீளும் என்பது பழைய விவாதம். 1881-ல் ரிபோ, முதலில் கற்ற மொழி என்றார். 1895-ல் பீத்ர், அதிகம் புழங்கிய மொழி என்றார்.

சட்டமும் தொலைவும்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டை வரையறுக்கும்போது பேச்சிழப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால், பயிற்சிக்குப் பல மாதங்கள் திரும்பத் திரும்ப வர வேண்டும். பொன்னேரியை அடுத்த அனுப்பம்பட்டிலிருந்து போரூருக்கு வர, புறநகர் ரயிலில் சென்னை வந்து மேலும் பயணிக்க வேண்டும். பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களுக்கு அதற்கு முன்பே பேருந்துப் பயணம் உண்டு. தமிழும் தெலுங்கும் புழங்கும் இப்பகுதியில் எம்மொழியில் பயிற்சி என்பதும் முதலில் முடிவாக வேண்டும். முறைவைத்து மீன்பிடிக்கும் 'பாடு' வழக்கமுள்ள இந்த ஏரியில், தன் முறையைச் சொல்ல இயலாத மீனவருக்காக வேறொருவர் பேச வேண்டிவரும். வலை, ஓடம், இறால் என அவர் நாள்தோறும் புழங்கிய சொற்களை வீட்டாரும் பயிற்றினால், மையத்தில் கற்றது வீட்டிலும் தொடரும்.