பனியில் உறங்கிய இரு விமானங்கள்

பழம்பொருளைப் பேணுதல் என்றதும் நம் நினைவுக்கு வருவன கோயிற் சிற்பங்களும் ஏட்டுச் சுவடிகளுமே. பழைய போர் விமானமொன்றைப் பேணுவது மாத்திரமன்றி, அதனை மீண்டும் வானிற் பறக்கவிடவும் ஆண்டுக் கணக்கில் உழைத்த மனிதர் உளர். அத்தகைய முயற்சிகள் இரண்டினை அன்பர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். இரண்டும் கிறீன்லாந்தின் பனியிற் கைவிடப்பட்ட அமெரிக்க விமானங்களைப் பற்றியவை. ஒன்று பறந்தது, மற்றது எரிந்தது.

1942 யூலை 15 ஆம் திகதி, ஆறு பீ-38 லைற்னிங் போர் விமானங்களும் இரண்டு பீ-17 குண்டுவீச்சு விமானங்களும் பிரித்தானியாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தன. வானிலை மோசமாகவே திரும்பின. எரிபொருள் குறைந்துபோக, எட்டு விமானங்களும் பனிப்பாளத்தின் மீது இறங்கின. அவற்றிலிருந்த இருபத்தைந்து பேரும் காப்பாற்றப்பட்டனர். விமானங்கள் அங்கேயே கிடந்தன. ஆண்டுதோறும் விழுந்த பனி அவற்றின் மேல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிற்று.

பற் எப்ஸ், றிச்சட் ரெயிலர் என்போர் பல தடவை தேடி, 1988 இல் அவை கிடக்கும் இடத்தைக் கண்டறிந்தனர். ஆழமோ 250 அடிக்கு மேல். 1990 இல் ஒரு பீ-17 வரை துளையிட்டு இறங்கியபோது, பனியின் பாரம் அதனை நசுக்கிவிட்டிருந்தமை தெரிந்தது. எனினும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 1992 இல் மீண்டும் சென்றனர். வெந்நீர் ஓடும் குழாய்கள் சுற்றிய கூம்பொன்றினாற் பனியை உருக்கி உருக்கிக் கிணறுபோலத் துளைத்து, 268 அடி ஆழத்திற் கிடந்த லைற்னிங் ஒன்றை அடைந்தனர். அதனைச் சுற்றிலும் பனியை உருக்கி ஒரு குகையமைத்து, அங்கேயே பகுதி பகுதியாகக் கழற்றி மேலே ஏற்றினர்.

உண்மையான பாடு அதன் பின்னரே தொடங்கியது. றொய் ஷொவ்னர் என்ற தொழிலதிபரின் செலவில், கென்ரக்கி மாநிலத்தின் மிடில்ஸ்பறோ நகரில் திருத்த வேலை நடந்தது. வெளிப்பார்வைக்கு நல்ல நிலையிலிருப்பதாகத் தோன்றிய உடலைக் கழற்றக் கழற்ற, பனி அழுத்திய நெளிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. இத்தகைய விமானத்தில் றப்பர்க் குழாய் உக்கிப்போகும். மின்கம்பியின் உறை உதிரும். தகடுகளைப் பிணைக்கும் ஆணிகளை நம்ப இயலாது. ஒரு பாகம் கடையிற் கிடைக்காதெனின் பழையதைப் பார்த்துப் புதிதாகச் செய்தல் வேண்டும். இவ்வாறு பத்தாண்டுகள் கழிந்தன. 2002 ஒக்டோபர் 26 ஆம் திகதி ஸ்ரீவ் ஹின்ரன் அதனை ஓட்ட, பல்லாயிரவர் முன்னிலையில் அது வானேறியது. 'கிளேசியர் கேர்ள்', அதாவது பனிப்பாறைப் பெண், என்பது அதன் பெயராயிற்று.

மற்றதன் பெயர் 'கீ பேர்ட்'. அது நான்கு இயந்திரங்கள் கொண்ட பீ-29. ஏறக்குறைய நாலாயிரம் கட்டப்பட்ட இவ்வகையில், 1995 இல் உலகெங்கும் பறக்கும் நிலையில் இருந்தது ஒன்றே. அலாஸ்காவிலிருந்து புறப்பட்ட கீ பேர்ட் வழிதவறி, 1947 பெப்ரவரி 21 ஆம் திகதி வடமேற்குக் கிறீன்லாந்தில் உறைந்த ஏரியொன்றில் இறங்கியது. பதினொருவரும் மீட்கப்பட்டனர். விமானம் பெருஞ் சேதமின்றிக் கிடந்தது.

விமானப் பந்தய வீரர் டரில் கிறீனமயர் 1994 இல் ஒரு குழுவோடு அங்கு சென்றார். இருந்த இடத்திலேயே பறக்கத் தக்கதாக்கி வெளியே கொண்டுவருவதே அவர் திட்டம். நான்கு இயந்திரங்களும் ரயர்களும் மாற்றப்பட்டன. தலைமைத் திருத்துநர் நோயுற்று, அப்பாலே கொண்டுசெல்லப்பட்டுப் பின்னர் இறந்தார். குளிர்காலம் வந்தது, குழு திரும்பியது. மறு வருடம் பனியைச் செதுக்கி ஓடுபாதை அமைத்தனர். 1995 மே 21 ஆம் திகதி, விமானம் புறப்படும் முனைக்கு ஓடிக்கொண்டிருக்கையில், துணை மின்னாக்கிக்குத் தற்காலிகமாகப் பொருத்திய எரிபொருட் கலத்திலிருந்து எண்ணெய் ஒழுகித் தீப்பற்றியது. உள்ளிருந்தோர் தப்பினர். நாற்பத்தெட்டாண்டு பனி தீண்டாது விட்டதைத் தீ கொண்டுபோயிற்று.

இதனைப் பேராசையின் பயன் என்று இகழ்தல் எளிது. நான் அவ்வாறு கருதவில்லை. அங்கு கோடை குறுகியது, தளமோ தொலைவில். பெரியவற்றையெல்லாம் அவர்கள் செம்மையாகவே செய்தனர். ஆயினும் 'இப்போதைக்கு இது போதும்' என்று வைத்த சிறு கலமே அனைத்தையும் அழித்தது. பழம்பொருட் பணியில் தற்காலிகம் என ஒன்று இல்லை என்பதே நான் கண்ட பாடம். அதே பீ-29 இனத்தைச் சேர்ந்த 'டொக்', 2000 ஆம் ஆண்டில் விச்சிற்றா நகருக்குக் கொண்டுவரப்பட்டு, தொண்டர் பலரின் உழைப்பால் 2016 யூலையிலேயே பறந்தது. பதினாறு ஆண்டு! அந்தப் பொறுமையே அதன் சிறகு.

அப்படியாயின், அரியதொன்றைப் பறக்கவிட்டு இழக்கும் ஆபத்தை ஏற்பது தகுமா? மாணவருக்குச் சுவடிப் பதிப்பு வரலாற்றைக் கற்பிக்கையில் எனக்கு இக்கேள்வி எழுவதுண்டு. ஏடு முறிந்தாலும், படியெடுத்திருப்பின் நூல் பிழைக்கும். விமானத்துக்குப் படி எடுத்தால் அது வேறொரு விமானமே. ஆனால் ஓதப்படாத ஏடு பெட்டியிற் கிடந்தே செல்லரிப்பதையும் நாம் அறிவோம். எனவே, பறக்கவிடலாம், அதற்கு முன், அதனை இழந்தால் ஈடில்லை என்ற அச்சம் செய்பவர் கையில் இருத்தல் வேண்டும்.

கிளேசியர் கேர்ள், 1942 இல் தடைப்பட்ட பிரித்தானியப் பயணத்தை நிறைவுசெய்ய 2007 இல் புறப்பட்டது. வழியில் இயந்திரம் பழுதுபடவே, கனடாவின் கூஸ் பேயில் இறக்கப்பட்டுப் பயணம் கைவிடப்பட்டது. இறக்கியவரை நான் மெச்சுகிறேன். அவர்கள் வற்புறுத்திப் பறந்திருப்பின், நான் இன்று சொல்லும் கதைகள் இரண்டும் ஒரே முடிவை அடைந்திருக்கும்.