சம்பளப் பட்டியலில் இல்லாத உபதேசியார்: பழவேற்காட்டு மெதடிஸ்த குடும்ப வரலாற்றுக்கான சான்றுகள்

பழவேற்காட்டுப் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று, தன் முன்னோர் ஒல்லாந்தர் காலத்து மெதடிஸ்த உபதேசியார் என்று சொல்லுமானால் முதலில் காலக்கணக்கைப் பார்க்க வேண்டும். பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் கெல்டிரியா கோட்டை எழுந்தது 1613இல். அங்கே 1632 முதல் 1642 வரை போதகராக இருந்த ஆபிரகாம் ரொஜேரியுஸ் கால்வின் வழி வந்த சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி பிறந்ததே 1703இல்தான். வெஸ்லியன் மிஷனரிகள் 1814இல் இலங்கையின் காலித் துறைமுகத்தில் இறங்கினர். அவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் லிஞ்ச் 1817இல் சென்னைக்கு வந்தார். ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த பழவேற்காடு 1818இல் ஒல்லாந்தரிடம் திரும்பி, 1825இல் நிலையாக ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஆகவே ஒல்லாந்தர் ஆட்சியும் மெதடிஸ்த ஊழியமும் சந்திக்கும் காலம் ஏழாண்டுதான். அந்தச் சிறு இடைவெளிக்குள் ஒரு வம்சத்தையே பொருத்துவதற்குத் தனிச் சான்று வேண்டும்.

குடும்ப நினைவு பொய் என்பது என் வாதமல்ல. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்த, காங்கிரிகேஷனல் மரபுகள் ஒரே கூரையின்கீழ் வந்தன. பேரப்பிள்ளைகளின் நினைவில் அவை கலந்துபோனதில் வியப்பில்லை.

முன்னோர் எத்தகைய ஊழியர் என்று பிரித்தறியக் காசுக்கணக்கு உதவும். மிஷன் நியமித்த உபதேசியாருக்குச் சம்பளம் உண்டு. அவர் பெயர் கணக்கில் ஏறும். மெதடிஸ்த சபையின் பொதுநிலைப் பிரசங்கியார் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொண்டு கூலியின்றிப் பேசியவர். அவரைத் தேட வேண்டிய இடம், எந்த ஞாயிற்றுக்கிழமை யார் எந்தச் சிற்றாலயத்தில் பேசுவது என்று வகுத்த காலாண்டுத் திட்டத்தாள். குருப்பட்டம் பெற்றவர் மறைந்தால் மாநாட்டு ஏடு இரங்கல் எழுதும். பொதுநிலைப் பிரசங்கியாருக்கு அந்தப் பேறு கிடைப்பது அரிது. லண்டனில் சோவாஸ் நூலகத்திலுள்ள வெஸ்லியன் மிஷன் ஆவணங்களில் முதலில் மிஷனரியின் குரலே கேட்கிறது. அவர் கடிதத்தில் "ஓர் உள்ளூர்க்காரர்" என்று மட்டும் வருபவருக்குப் பெயர் சூட்டும் அவசரம் நமக்கு வேண்டாம். ஞானஸ்நானப் பதிவேடும் எச்சரிக்கையோடு அணுகவேண்டியதே. ஞானஸ்நானத்தில் பெயர் மாறியிருக்கலாம். தலைப்பெழுத்தோ தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது. ஞானமுத்துகளும் தேவசகாயங்களும் ஊருக்கு ஊர் உண்டு. திருமணப் பதிவின் சாட்சிக் கையெழுத்துகள் இதைவிட நம்பத்தக்கவை என்பேன். கொண்டான் கொடுத்தான் உறவு அங்கேதான் தென்படும்.

பழவேற்காடு ஏரியிலேயே இன்னொரு சான்று இருக்கிறது, ஆய்வாளர்கள் அதை ஏனோ எட்டிப்பார்ப்பதில்லை. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய பட்டினவர் என்னும் மீனவச் சாதியினரின் ஊர்கள் முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல மீன்பிடி இடங்களைப் பாடு முறையில் சுழற்சியாகப் பங்கிட்டு வந்துள்ளன. இந்தப் பங்குரிமை தந்தைவழியில் இறங்குகிறது. எனவே பாட்டுரிமையைச் சொல்லும்போதே வம்சத்தையும் சொல்லவேண்டியிருக்கிறது. மூன்றாம் நான்காம் தலைமுறைப் பெயர்கள் பஞ்சாயத்துப் பெரியவர்கள் வாயில் தங்குவதற்கு இதுவும் காரணம் எனலாம்.

இந்தச் சான்றுக்கும் எல்லை உண்டு. பாட்டுரிமை சாதியையும் ஊரையும் பொறுத்தது. அதற்கு வெளியே நின்ற குடும்பத்தைப் பற்றி அது வாய் திறக்காது. 1880களிலிருந்து வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி ஊழியம் செய்த திருவள்ளூர், ஈக்காடு வட்டாரத்தில் சபைக்குத் திரளாக வந்தவர்கள் பெரும்பாலும் உழவுக்கூலிகளான ஒடுக்கப்பட்ட மக்கள். ஏரிக்கரைப் பிரசங்கியார் குடும்பத்தின் பெயர் பாட்டு வரிசையில் கிடைக்காவிட்டால், தேடலை மேற்கே அந்த உள்நாட்டுச் சேரிகளின் திருமணப் பதிவேடுகளுக்குத் திருப்புவதே முறை.