‘திருத்து’ எனும் வினை: ஆட்சிமொழி வழக்கும் வரலாறும்

முன்னுரை

ஒன்றை முறைப்படி வேறாக்குவதைக் குறிக்க ‘மாற்று’, ‘திருத்து’ என்னும் இரு வினைகள் ஆட்சிமொழியில் வழங்குகின்றன. இவற்றின் பொருள் வேறுபாட்டை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் சார்ந்த சான்றுகளால் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்பொருள்

‘திருந்து’ என்னும் தன்வினையின் பிறவினை ‘திருத்து’. கரடு நீக்கி நிலத்தைப் பயிருக்கு உரியதாக்குதல் நிலந்திருத்தல் எனப்படும். முன்னிருந்த குறையும் பின்வந்த சீரும் இவ்வினையுள் அடங்கும். ‘மாற்று’ என்பதில் இவ்விரண்டும் கட்டாயமில்லை. நிலம் கைமாறினால் ‘பட்டா மாறுதல்’. பட்டாவில் பெயர் பிழைபட்டிருந்தால் ‘பெயர்த் திருத்தம்’. 1993இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அமைந்த ‘விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம்’, 1997இல் ‘விழுப்புரம் மாவட்டம்’ ஆயிற்று. இது பெயர் மாற்றமேயன்றித் திருத்தமன்று.

வரலாற்றுச் சான்று

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த ஓ. பி. இராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த 1947இல் வகுப்புவாரி அரசாணை மாற்றியமைக்கப்பட்டது. 12 இடங்கள் கொண்ட சுழற்சி 14 ஆகி, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனியே 2 இடங்கள் கிடைத்தன. கல்வி நிறுவனச் சேர்க்கையில் இம்முறையைப் பின்பற்றுவது செல்லாது எனச் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரல் 9 அன்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூன் 18இல் நடைமுறைக்கு வந்த முதல் அரசியலமைப்புத் திருத்தம் 15(4) என்னும் உட்கூறைச் சேர்த்தது. அவ்வுறுப்பில் இருந்த எச்சொல்லும் அதற்கென நீக்கப்படவில்லை. புதிய கூறு ஒன்றே சேர்ந்தது. ஆயினும் தமிழில் அது ‘திருத்தம்’ எனப்பட்டது. சமூகநீதியை ஏற்போர்க்கு இச்சொல் பொருந்தும். மூல உறுப்பில் குறையில்லை எனக் கருதுவோர்க்குப் பொருந்தாது.

1976இன் 42ஆம் திருத்தம் செய்தவற்றுள் பலவற்றை 1978இன் 44ஆம் திருத்தம் நீக்கியது. எதிரெதிரான இரு செயல்களும் ஒரே பெயர் பெற்றன. இரண்டும் ஒருங்கே சீர்ப்படுத்தலாதல் இயலாது.

முடிவுரை

எனவே, சட்டத் துறையில் ‘திருத்தம்’ என்பது நடைமுறையைச் சுட்டும் கலைச்சொல்லாகவே கொள்ளத்தக்கது. அதன் பழைய மதிப்புப் பொருளை அறியாது ஆளும் வரலாற்றாய்வாளர், நிறுவ வேண்டிய தீர்ப்பை வினைச்சொல்லிலேயே முன்கூட்டி வழங்கிவிடுகிறார். ஒரு சட்டம் திருத்தப்பட்டது என எழுதுவதோடு நில்லாது, எது நீக்கப்பட்டது, எது சேர்க்கப்பட்டது, யாருக்குப் பயன்பட்டது என எழுதுவதே ஆய்வுக்கு உகந்தது.