டைஎலக்ட்ரோபோரெசிஸ்: நுண்வாய்க்காலில் துகள் பிரிக்கும் மின்புலம்

டைஎலக்ட்ரோபோரெசிஸ் என்பது சீரற்ற மின்புலத்தில் சிக்கிய துகள் முனைவாக்கம் பெற்று இடம்பெயரும் நிகழ்வு. துகளுக்கு நிகர மின்னூட்டம் இருக்க வேண்டியதில்லை. தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதும் இதே விசையால்தான். சில நூறு மைக்ரான் அகல வாய்க்கால்களில் திரவம் ஓடும் நுண்பாய்மச் சில்லுகளில், உயிரணுக்கள், பாக்டீரியா, கார்பன் நானோகுழாய்கள் முதலியவற்றை வகை பிரிக்க இது பயன்படுகிறது.

மின்புலத்தில் வைத்த துகளின் இரு முனைகளிலும் எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒதுங்குகின்றன. புலம் எங்கும் ஒரே அளவில் இருந்தால் இரு முனைகளின் இழுப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒரு பக்கம் புலம் வலுத்திருந்தால் சமநிலை குலைந்து துகள் நகரும். சூழ்ந்துள்ள திரவத்தைவிட எளிதில் முனைவாக்கம் பெறும் துகள் வலுத்த புலத்தை நோக்கிப் போகும். மற்றது அங்கிருந்து விலக்கப்படும். முன்னது நேர் வகை, பின்னது எதிர் வகை. புலத்தின் திசையைத் தலைகீழாக்கினாலும் விசையின் திசை மாறாது. ஆகவே மாறுதிசை மின்சாரமே போதும். மின்முனைகளில் நீர் பிரிந்து குமிழி கிளம்பும் தொல்லையும் குறைகிறது. கண்ணாடித் தகட்டில் 50 மைக்ரான் இடைவெளியில் படியவைத்த இரு தங்க மின்முனைகளுக்கு 10 வோல்ட் கொடுத்தாலே மீட்டருக்கு 2 லட்சம் வோல்ட் புலம் கிடைத்துவிடும்.

இம்முறையின் அழகு அதிர்வெண்ணில் இருக்கிறது. உயிரணுவின் உட்புறம் உப்புகள் நிறைந்த நல்ல கடத்தி. அதைப் போர்த்தியிருப்பதோ சில நானோமீட்டர் தடிமனுள்ள, மின்சாரத்தைத் தடுக்கும் சவ்வு. குறைந்த அதிர்வெண்ணில் சவ்வு புலத்தை உள்ளே விடுவதில்லை. அணு முழுவதும் காப்புப் பொருள் போல நடந்துகொண்டு விலகிச் செல்கிறது. அதிர்வெண் ஏற ஏறப் புலம் சவ்வைக் கடந்து உட்புறத்தை எட்டுகிறது. கடத்துத்திறன் குறைந்த திரவத்தில் மிதக்கும் அதே அணு இப்போது மின்முனைக்கு இழுபடுகிறது. விலக்கம் ஈர்ப்பாக மாறும் அந்த அதிர்வெண், அணுவின் பருமனையும் சவ்வின் மடிப்புகளையும் பொறுத்தது. புற்றணுக்கள் பலவற்றில் சவ்வு மடிப்புகள் மிகுதி, பருமனும் அதிகம். அதனால் இரத்த அணுக்களுக்கு முன்பே, தாழ்ந்த அதிர்வெண்ணிலேயே அவை ஈர்ப்புக்கு மாறிவிடுகின்றன. இடைப்பட்ட ஓர் அதிர்வெண்ணைத் தேர்ந்தால் புற்றணு மின்முனையில் ஒட்டும், இரத்த அணு ஓட்டத்தோடு போய்விடும். ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் பெக்கர், காஸ்காய்ன் குழுவினர் 1995-இல் இவ்வழியில் மார்பகப் புற்றணுக்களை இரத்தத்திலிருந்து பிரித்துக் காட்டினர். சாயமோ எதிர்ப்பொருளோ ஏற்றாமல் பிரிப்பதே இதன் தலையாய சிறப்பு. பிரித்த அணுவை உயிரோடு மேலாய்வுக்கு அனுப்பலாம்.

இந்நிகழ்வுக்கு 1951-இல் பெயர் சூட்டியவர் அமெரிக்கரான ஹெர்பர்ட் போல். 1966-இல் அவரும் ஹாக்கும் உயிருள்ள ஈஸ்ட் அணுக்களை இறந்தவற்றிலிருந்து பிரித்தனர். இறந்த அணுவின் சவ்வு ஓட்டையாகி உள்ளிருந்த அயனிகள் கசிந்துவிடுவதால் அதன் மின் நடத்தை மாறிவிடுகிறது. இன்றைய சில்லில் ஏறத்தாழ ஒரு மெகாஹெர்ட்ஸில் இதை நுண்ணோக்கி வழியே பார்க்கலாம்: உயிருள்ளவை மின்முனை விளிம்பில் ஒன்றையொன்று பற்றி முத்துச்சரமாகக் கோத்து நிற்கும், இறந்தவை அந்தச் சரத்தில் சேராமல் ஒதுங்கும்.

குறைகளும் சிறியவையல்ல. விசை துகளின் ஆரத்தின் மும்மடிக்கேற்ப அமைவதால், பருமன் பத்தில் ஒன்றானால் விசை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். திரவ மூலக்கூறுகளின் மோதலால் எழும் தாறுமாறான அசைவு (பிரௌனியன் இயக்கம்) அதை மிஞ்சிவிடும். இதையும் மீறி, 2003-இல் ஜெர்மனியில் க்ரூப்கே குழுவினர் உலோகப் பண்புள்ள கார்பன் நானோகுழாய்களைக் குறைகடத்தி வகையிலிருந்து பிரித்தது பெரும் சாதனை. இரத்தம் போன்ற உப்புத் திரவங்களில் மின்னோட்டம் மிகுந்து சூடேறும், நேர் வகை ஈர்ப்பும் கிட்டாது. எனவே அணுக்களைக் கழுவி, சர்க்கரை சேர்த்த, உப்பு குறைந்த கரைசலுக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. ஆய்வகத்தில் நன்கு வேலை செய்யும் சில்லு மருத்துவமனைக்கு வரத் தயங்குவதற்கு இந்த முன்தயாரிப்பும் முக்கியக் காரணம்.

எண்ணெய்க்குள் மிதக்கும் நீர்த்துளிகளுக்கு இச்சிக்கல் இல்லை. சூழ்ந்திருக்கும் எண்ணெய் மின்கடத்தாது; துளிக்குள் எந்த உப்புக் கரைசல் இருந்தாலும் அது வலுத்த புலத்தையே நாடும். துளிகளை வகை பிரிக்கும் கருவியில், ஒளிரும் துளியை லேசர் கண்டதும் மின்முனைக்கு ஒரு துடிப்பு போகிறது, துளி பக்க வாய்க்காலுக்குத் திரும்புகிறது. 2009-இல் பாரே குழுவினர் வெளியிட்ட இத்தகைய கருவி நொடிக்கு ஏறத்தாழ 2000 துளிகள் வரை பிரித்தது.